மேஜை தட்டிய கவுன்சிலர்

தொண்ணூற்றேழு மார்க் வந்திருக்கிறது என்று வட்டச் செயலாளர் தனபாலன் போனில் சொன்னபோது, அன்புக்கரசி தன் மகளைத்தான் நினைத்தாள். மகள் தமிழ்நிலா மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடத்தில் பன்னிரண்டாம் வகுப்பு. கெமிஸ்ட்ரியில் தொண்ணூற்றேழா, அதுவும் நம்ம வீட்டுப் பிள்ளையா என்று பெற்ற வயிறு ஒரு நிமிஷம் குளிர்ந்துகூடப் போனது.

"பொண்ணுக்கு இல்லம்மா, உனுக்கு," என்றார் தனபாலன். "ஊர்லயே முற்போக்கான கவுன்சிலர் நீதானாம். லிஸ்ட் வந்துகீது. மேலருந்து போன் பண்ணி, யாருய்யா அந்தப் பொம்பளன்னு கேக்கறாங்க."

அன்புக்கரசி இட்லித் தட்டைக் கீழே வைத்தாள். காலையில் மந்தைவெளி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இட்லிக் கடை, கடை முடிந்தபின் கவுன்சிலர், இதுதான் அவள் பிழைப்பு. வார்டைப் பெண்களுக்கு ஒதுக்கியபோது தனபாலன் தன் வீட்டம்மாவைத்தான் நிறுத்துவதாக இருந்தார். அந்த அம்மாள், "அந்தக் கால்வா நாத்தத்துல ஓட்டு கேக்க என்னால ஆவாது" என்று கையை விரித்துவிட்டதால் சீட்டு இவளுக்கு வந்து சேர்ந்தது. இட்லியைப் பார்க்காமல் கட்சிக்கு ஓட்டுப் போட்டவர்கள் பாதிப் பேர், கட்சியைப் பார்க்காமல் இட்லிக்கு ஓட்டுப் போட்டவர்கள் பாதிப் பேர். ஜெயித்துவிட்டாள்.

"முற்போக்குன்னா இன்னாண்ணா?"

"ஒண்ணியும் இல்ல. மன்றத்துல நீ ஓட்டு போட்டத வெச்சி மார்க் போடறாங்க. அடையாறுல அதுக்குன்னே ஒரு ஆபீஸ் கீது. எல்லாம் படிச்சவங்க."

"நான் இன்னாத்துக்கு ஓட்டு போட்டேன்?"

தனபாலன் கொஞ்சம் கனைத்துக்கொண்டார். "கால்வா தீர்மானத்துக்குத்தான்," என்றார்.

கதையை இங்கே நிறுத்தி, மன்றத்தில் ஓட்டுப் போடுவது எப்படி என்று சொல்லிவிடுகிறேன். பட்டனை அழுத்துவார்கள், பலகையில் பச்சை விளக்கு எரியும் என்றெல்லாம் சிலர் நினைத்துக்கொண்டிருப்பீர்கள். அப்படி ஒரு கண்றாவியும் கிடையாது. ஒருவர் தீர்மானத்தைக் கண்டக்டர் ஸ்டாப்பிங் பெயர் சொல்கிற வேகத்தில் படிப்பார். "ஆம் என்போர்?" என்பார் தலைவர். "ஆம்" என்று ஒரு சத்தம் வரும். "இல்லை என்போர்?" என்று கேட்கிற அதே மூச்சில் "நிறைவேறியது" என்றும் சொல்லிவிடுவார். ஆதரிப்பவர்கள் மேஜையைத் தட்டுவார்கள். எதிர்ப்பவர்கள் அதற்கு முன்னாலேயே வெளிநடப்புச் செய்து கேண்டீனில் வடை சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். யார் எந்தப் பக்கம் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. 'ஏகமனதாக' என்று ஒரு வார்த்தை போட்டால் வேலை முடிந்தது.

அன்றைக்கு வந்த தீர்மானத்தின் பெயர் 'கால்வாயோர மக்களின் கண்ணியமான எதிர்காலத் தீர்மானம்'. தலைப்பைக் கேட்டு அன்புக்கரசிக்கே சந்தோஷமாக இருந்தது. அப்புறம்தான், மந்தைவெளிக்குப் பின்னால் இருக்கிற கன்னியம்மன் தோட்டத்தை முழுசாகக் காலி செய்து, ஊருக்கு வெளியே புதுவிடியல் நகர் அடுக்குமாடிக்கு எல்லாரையும் அனுப்பப் போகிறார்கள் என்கிற வரி வந்தது. கன்னியம்மன் தோட்டம் அவள் பிறந்த இடம், வாழ்க்கைப்பட்ட இடமும் அதுவே. அவளுக்கு ஓட்டுப் போட்ட சனம் முக்காலும் அங்கேதான் இருக்கிறது.

சட்டென்று எழுந்தாள். "நான் எதிர்க்கிறேன்," என்றாள். மைக் வேலை செய்தால் எரிய வேண்டிய சிவப்பு விளக்கு வரவில்லை. ஊதிப் பார்த்தாள், மைக்கின் தலையில் ஒரு குட்டு வைத்துப் பார்த்தாள். வரவில்லை. அங்கே தலைவர் அடுத்த பக்கத்தைப் புரட்டுகிறார். இவளுக்கு வேறு வழி தெரியாமல், இந்தப் பக்கம் திரும்பட்டும் என்று, இரண்டு கையாலும் மேஜையைப் படபடவென்று தட்டினாள்.

அக்கம்பக்கத்தில் உட்கார்ந்திருந்த கட்சிக்காரர்கள், தட்டுகிற கட்டம் வந்துவிட்டது போலிருக்கிறது என்று தாங்களும் தட்டினார்கள். ஒருவர் தட்டி இன்னொருவர் தட்டாமல் இருந்தால் மேலிடத்தில் கேள்வி வரும். மன்றமே அதிர்ந்தது. "அம்மையாரின் சொந்த வார்டு என்பதால் உற்சாகம் கொஞ்சம் அதிகம்," என்று தலைவர் சிரித்துக்கொண்டே சொல்ல, தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

அன்று சாயங்காலம் தெருவில் எல்லாரையும் கூப்பிட்டு, "நான் எதிர்த்தேன், அவங்க கேக்கல" என்று சொன்னாள். தெரு நம்பியது. நம்பாமல் இருக்க அப்போது ஒரு காரணமும் இல்லை.

இப்போது காரணம் வந்துவிட்டது. போன் வந்த மறுநாளே தெருமுனையில் தனபாலன் பேனர் கட்டிவிட்டார். 'தன் இல்லத்தையே தியாகம் செய்த முற்போக்குத் தாரகையே' என்று கொட்டை எழுத்து. அன்புக்கரசி கும்பிடுகிற படம் ஒரு பக்கம், கீழே குட்டியாக ஒரு ஜேசிபி.

எதிர் வீட்டு சுப்பம்மா மார்க்கெட்டில் மீன் விற்றுவிட்டு வந்தவள், கூடையை இறக்கி வைத்துவிட்டு, பேனரில் என்ன போட்டிருக்கிறது என்று ஆளைப் பிடித்துப் படிக்கச் சொல்லிக் கேட்டாள். பிறகு நேரே அன்புக்கரசியின் வாசலுக்கு வந்தாள்.

"அப்ப நீ எதிர்ப்புன்னு சொன்னது இன்னாது?"

"சொன்னேன்க்கா. மைக்கு வேல செய்யல."

"மேசைய தட்னியா?"

"தட்னேன். ஆனா அது..."

"தட்னியா இல்லியா?"

"தட்னேன்."

"அவ்ளோதான் கேட்டேன்," என்று சுப்பம்மா கூடையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள். இருபது வருஷமாக விற்றது போக மிச்சமிருக்கிற மீனில் இரண்டு இந்த வீட்டுக்கு வரும். அன்றைக்கு வரவில்லை. அப்புறமும் வரவில்லை. பேனரைக் கிழிக்கலாம் என்றால், கட்சி பேனரைக் கிழித்த கவுன்சிலர் என்று அதற்கு வேறு தனியாகப் பேனர் வைப்பார்கள்.

தெருவுக்கு இலவசமாகக் கேஸ் நடத்த வந்திருந்த வக்கீல் மஹ்விஷ்தான் ஒரு வழி சொன்னாள். "அக்கா, ஏகமனதாகன்னு எழுதியிருக்கறதுதான் சிக்கல். அந்த வார்டு கவுன்சிலரே எதிர்த்தாங்கன்னு காட்டினா, இடிக்கறதுக்குத் தடை கேட்கலாம், கெடைக்கும். ஆனா நீங்களே வந்து நின்னு சொன்னா பத்தாது. இந்த ஊர்ல யார் எப்படி ஓட்டுப் போட்டாங்கன்னு கணக்கு வெச்சிருக்கறது அந்த அடையாறு ஆபீஸ் ஒண்ணுதான். 'இவர் எதிர்த்தார்'னு அவங்க ஒரு வரி திருத்திக் கொடுக்கட்டும். வீடு நிக்கும்."

ஒரு வரிதானே, கேட்டால் கொடுத்துவிடப் போகிறார்கள் என்று அன்புக்கரசி கிளம்பினாள்.

முற்போக்குக் குறியீட்டு மையம் அடையாறில் மரம் அடர்ந்த ஒரு தெருவில், பழைய பங்களா ஒன்றில் இருந்தது. செருப்பை வெளியே விட வேண்டும். உள்ளே ஏசி போட்டு, அதற்கு மேல் ஃபேனும் போட்டிருந்தார்கள். சுவரில் பெரிதாக எழுதியிருந்தது: 'நாங்கள் யார் பேச்சையும் கேட்பதில்லை. வாக்கை மட்டுமே பார்க்கிறோம்.'

மையத்தின் இயக்குநர் நீரஜா எழுந்து வந்து கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயசு, கைத்தறிப் புடவை, மயிலாப்பூர் மாடவீதியிலேயே நாலு தலைமுறையாக இருக்கிற குடும்பம்.

"வாங்கோ, வாங்கோ. உங்களைப் பத்தித்தான் பேசிண்டிருக்கோம். எங்காத்துல அம்மாகூடக் கேட்டா, யாருடி அந்த அன்புக்கரசின்னு. நம்மாத்துலேர்ந்து நடந்தே போயிடலாம், அவ்வளவு கிட்டக்க இருக்காளாம்மான்னேன். இத்தனை கிட்டக்க ஒரு ஏரியா இருக்கறதே அம்மாவுக்குத் தெரியலை."

அன்புக்கரசி விஷயத்தைச் சொன்னாள். நீரஜா பொறுமையாகக் கேட்டுவிட்டு, பிரணவ் என்கிற ஆய்வாளரைக் கூப்பிட்டு வீடியோவைப் போடச் சொன்னாள். பிரணவ் போட்டான். திரையில் அன்புக்கரசி எழுகிறாள், வாய் அசைகிறது, தட்டுகிறாள்.

"சத்தம் வரலியே தம்பி."

"சத்தத்தை நாங்களே எடுத்துடுவோம் மேடம். என்ன பேசறாங்கன்னு கேட்டா மார்க் போடறவங்களுக்கு ஒரு சாய்வு வந்துடும்."

அப்புறம் அவன் விதிகளை விளக்கினான். ஒரு கையால் தட்டினால் ஆதரவு. இரண்டு கையால் தட்டினால் முழு ஆதரவு. எழுந்து நின்று இரண்டு கையாலும் தட்டினால் உணர்வுபூர்வமான ஆதரவு. இப்படி ஒரு பிரிவை ஏட்டில் வைத்திருந்தார்களே தவிர, இத்தனை வருஷத்தில் அதற்குள் யாரும் வந்ததில்லை. அன்புக்கரசிதான் முதல் ஆள். வேறு ஒரு வார்டு உறுப்பினர் தூங்கிக்கொண்டிருந்தபோது கை நழுவி மேஜையில் விழுந்ததாம். நிபுணர் குழு கூடி விவாதித்து, அவரை மிதவாத முற்போக்கில் சேர்த்தார்களாம்.

"நான் தட்னது எதிர்க்கறதுக்கு," என்றாள் அன்புக்கரசி.

"எல்லாருமே பின்னாடி ஒண்ணு சொல்லுவா," என்றாள் நீரஜா, ரொம்ப அன்பாக. "அதனாலதான் ஓட்டுப் போட்டவாளைக் கேக்கறதே இல்லைன்னு வெச்சுண்டிருக்கோம். கேட்டா குழப்பம்."

"மார்க்கைக் கொறச்சிடுங்கம்மா. முட்ட போடுங்க. பிற்போக்குன்னு வேணாலும் போட்டுக்கங்க. நான் எதிர்த்தேன்னு ஒரு வரி மட்டும் குடுங்க."

நீரஜாவுக்குக் கண் கலங்கிவிட்டது. மார்க்கைக் கூட்டச் சொல்லி எம்.எல்.ஏ. வந்திருக்கிறார், எம்.பி. ஆள் அனுப்பியிருக்கிறார், குறைக்கச் சொல்லி இதுவரை ஒருவரும் வந்ததில்லையாம். பிரணவைத் திரும்பிப் பார்த்தாள். அவன் ஏற்கெனவே கம்ப்யூட்டரில் தட்டிக்கொண்டிருந்தான். தன்னடக்கம் என்று ஒரு துணைக் குறியீடு இருந்தது. அதில் ஒரு மார்க் ஏறி, தொண்ணூற்றெட்டு ஆனது.

"திருத்தம் வேணும்னா மேல்முறையீட்டுக் குழு இருக்கு," என்று வாசல் வரை வந்து வழியனுப்பினாள் நீரஜா. "கருணாகரன் சார்தான் தலைவர். ரொம்ப நியாயமான மனுஷர்."

மேல்முறையீட்டுக் குழு தி.நகரில், பனகல் பார்க்குக்குப் பக்கத்தில் ஒரு மாடி அறையில் கூடியது. கீழே துணிக்கடைக்காரன் தள்ளுபடி தள்ளுபடி என்று மைக்கில் கத்திக்கொண்டிருந்தான். கருணாகரன் ஓய்வுபெற்ற பெரிய அதிகாரி. சட்டைப் பையில் இரண்டு பேனா வைத்திருந்தார். அன்புக்கரசி சொன்னதை முழுக்கக் கேட்டுவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அம்மா, நான் பணியில் இருந்த காலம் முழுவதும் பொதுமக்களை நேரில் சந்தித்ததே இல்லை. சந்தித்தால் இரக்கம் வரும். இரக்கம் வந்தால் கோப்பு நின்றுவிடும். என் மேஜையில் ஒரு கோப்புகூட நின்றதில்லை என்பதை இன்றைக்கும் பெருமையாகச் சொல்வேன். இருக்கட்டும். எதிர்க்கிற எண்ணம் இருந்திருந்தால் நீங்கள் வெளிநடப்புச் செய்திருக்கலாமே?"

"வெளிய போய்ட்டா உள்ள யாருங்கய்யா பேசறது?"

"பேசுவதற்கும் வாக்களிப்பதற்கும் சம்பந்தமில்லை, அம்மா."

"மைக்கு வேல செய்யலங்கய்யா."

"மைக் பற்றிய புகார்கள் எங்கள் வரம்பில் வராது." அவர் பக்கத்தில் இருந்தவரிடம் ஏதோ கிசுகிசுத்துவிட்டுத் தொடர்ந்தார். "மேலும், தாங்கள் அந்தத் தெருவிலேயே குடியிருப்பவர். அங்கே வீடு இடிபடுமா, இடிபடாதா என்பதில் தங்களுக்குச் சொந்த அக்கறை இருக்கிறது. ஆகவே தங்கள் சாட்சியத்தை நாங்கள் எடுத்துக்கொள்ள முடியாது. அக்கறை இல்லாதவர்களின் கருத்துதான் நடுநிலையானது. அந்தக் கால்வாயைப் பார்த்தே இராத மூன்று பேரிடம் கேட்டோம். கண்ணியமான எதிர்காலம் நல்லதுதான் என்று மூவரும் சொன்னார்கள்."

தீர்ப்பும் அங்கேயே சொல்லப்பட்டது. சொந்த வீட்டைக் காப்பாற்ற ஓட்டுப் போட்டிருந்தால் அது சுயநலம். சொந்த வீட்டை இடிக்க ஓட்டுப் போட்டவர் வேறு யாரும் இந்த மாநகரில் இல்லை. இந்தச் சிறப்பு முதலில் கவனிக்கப்படாமல் போனதற்குக் குழு வருத்தம் தெரிவித்து, தியாகத்துக்கு ஒரு மார்க் கூட்டியது. தொண்ணூற்றொன்பது.

அன்புக்கரசி கீழே இறங்கி வந்தாள். தெருவில் தீபாவளிக் கூட்டம் இடித்துத் தள்ளியது. அழுகை வரும், ஓரமாக நின்று அழுதுவிட்டுப் போகலாம் என்று ஒரு கடை வாசலில் ஒதுங்கினாள். அழுகை வரவில்லை. உள்ளங்கையைக் கிள்ளிப் பார்த்தாள், வலி எங்கேயோ தூரத்தில் இருந்தது. கடைப் பையன் "உள்ள வாங்க மேடம்" என்று கூப்பிட்டதும் நகர்ந்து போய் பஸ் ஏறினாள்.

வீட்டில் தனபாலன் காத்திருந்தார். "இன்னாம்மா, மார்க்கக் கொறச்சுக்கோ கொறச்சுக்கோன்னு ஊர் ஊரா போய்க்கினு கீறியாமே. கட்சி மானம் போவுது. அடுத்த தபா எம்.எல்.ஏ. லிஸ்ட்ல உன் பேர பாக்கறாங்க, தெரியுமா?"

"வூடு போவுதுண்ணா."

"எங்க போவுது? லிஃப்டு வெச்ச வூடு குடுக்கறாங்க. உள்ளயே கக்கூஸு. இன்னா கொற?"

"அப்ப நீயும் வாயேன்."

"எனுக்குத்தான் சொந்த வூடு கீதே," என்றார் தனபாலன். கேள்வியே அவருக்கு விளங்கவில்லை.

அதற்குள் இடிக்கத் தேதி குறித்து வீடு வீடாக நோட்டீஸ் ஒட்டிவிட்டார்கள். அவளுக்கு விருது கொடுக்க மையம் வைத்த விழா அதற்கு முந்தின வாரம். போகவே மாட்டேன் என்றுதான் அன்புக்கரசி சொன்னாள். மஹ்விஷ்தான் வற்புறுத்தினாள். "போங்கக்கா. பத்திரிகைக்காரங்க வருவாங்க. அங்க மைக் வேல செய்யும். நான் எதிர்த்தேன்னு எல்லார் முன்னாடியும் சொல்லுங்க. அது பேப்பர்ல வந்தா நான் கோர்ட்டுல காட்டறேன். இனிமே நமக்கு அது ஒண்ணுதான் இருக்கு."

விழா மயிலாப்பூரில் ஒரு சபாவில். கச்சேரிக்கு வருகிற கூட்டமே பாதி இதற்கும் வந்திருந்தது. கேண்டீனிலிருந்து நெய் வாசனை மேடை வரை வந்தது. நீரஜா வரவேற்புரை ஆற்றினாள். "முற்போக்கைத் தேடி நாங்கள் எங்கேயும் போனதில்லை. வெயிலில் அலைந்ததில்லை. இருந்த இடத்திலிருந்தே எல்லாம் தெரிகிற மாதிரி ஒரு முறையை உருவாக்கினோம். மக்களின் குறுக்கீடு இல்லாமல் மக்களாட்சியை அளக்க முடியும் என்று நிரூபித்திருக்கிறோம்." கைதட்டல் ஓய கொஞ்ச நேரம் பிடித்தது.

அன்புக்கரசிக்குப் பொன்னாடை போர்த்தி, கையில் கேடயத்தைக் கொடுத்து, போட்டோ எடுத்து, மைக் முன்னால் நிறுத்தினார்கள். மைக் வேலை செய்தது. அவள் மூச்சு விட்டதுகூடச் சபா முழுக்கக் கேட்டது.

"நான் அந்தத் தீர்மானத்தை எதிர்த்தேன்," என்றாள். "அன்னிக்கு மைக்கு வேல செய்யல. யாராவது திரும்பிப் பாப்பாங்கன்னு மேசைய தட்னேன். வர வாரம் எங்க தெருவ இடிக்க ஜேசிபி வருது. இவங்க ஒரு வரி மாத்தி எழுதினா அது நிக்கும். எழுதச் சொல்லி நீங்களாவது சொல்லுங்க. எங்க சனம் அங்கதான் பொழைக்குது. எனுக்கு வேற ஒண்ணியும் வேணாம்."

முன்வரிசையில் ஒருவர் எழுந்து கைதட்டினார். பக்கத்திலிருந்தவர் எழுந்தார். அப்புறம் சபாவே எழுந்து நின்றது. அவர்கள் கண்ணெல்லாம் பளபளத்தது. அன்புக்கரசி ஒரு நொடி நம்பிவிட்டாள், பாவம். தெரு பிழைத்தது என்றே நினைத்தாள்.

நீரஜா அவள் தோளை அணைத்தபடி மைக்கை வாங்கிக்கொண்டாள். "பார்த்தேளா? தன்னோட வாக்கையே கேள்வி கேக்கற துணிச்சல் யாருக்கு வரும்? எங்க விருதை வாங்கிண்டே எங்களை விமர்சனம் பண்றா. மாற்றுக் கருத்துக்கு மதிப்புன்னு நாங்க ஒரு மார்க்கை ஒதுக்கியே வெச்சிருந்தோம், இத்தனை வருஷமா அதை யாருக்கும் கொடுக்க முடியலை." பின்னாலிருந்த திரையில் எண் சுழன்று நூறில் வந்து நின்றது. கைதட்டல் இன்னும் பலத்தது.

விழா முடிந்ததும் பட்டுப்புடவை கட்டிய ஒரு அம்மாள் அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "உங்க பாஷை எவ்வளவு இயல்பா இருக்கு. மாத்திக்கவே மாத்திக்காதீங்கோ," என்றாள். இன்னொருவர் போண்டாத் தட்டைக் கொண்டுவந்து கொடுத்தார். அன்புக்கரசி வாங்கிச் சாப்பிட்டாள். உப்பா உறைப்பா என்று நாக்குக்குத் தெரியவில்லை.

மறுநாள் பேப்பரில் 'நூற்றுக்கு நூறு' என்று தலைப்பு வந்தது, கேடயத்தோடு படம் வந்தது. அவள் பேசியதில் 'எங்க சனம்' என்கிற இரண்டு வார்த்தை மட்டும் வந்திருந்தது, மற்றதற்கு இடம் போதவில்லை.

கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் அந்தப் படத்தைத்தான் நீட்டினார். இது நீங்கள் சொல்கிற கவுன்சிலர்தானா என்று மஹ்விஷைக் கேட்டார்கள். ஆமாம் என்றாள். தீர்மானத்தை எதிர்த்தவர், அதை ஆதரித்ததற்கான விருதை ஏன் வாங்கினார் என்று கேட்டார்கள். மஹ்விஷ் சொல்லிப் பார்த்தாள். மேஜை, மைக், சத்தமில்லாத வீடியோ, தியாகத்துக்கு ஒரு மார்க் என்று ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல அவளுக்கே அது பைத்தியக்காரத்தனமாகக் கேட்டது. தடை கிடைக்கவில்லை. வெளியே வந்து, "நான்தான் உங்களைப் போகச் சொன்னேன்க்கா" என்று அழுதாள். அன்புக்கரசிதான் அவளுக்குத் தண்ணீர் வாங்கிக் கொடுத்தாள்.

ஜேசிபி சொன்ன நாளில் வந்தது. அரசாங்கத்தில் எதுவும் நேரத்துக்கு நடக்காது என்று குறை சொல்கிறவர்கள் அன்றைக்கு வந்து பார்த்திருக்க வேண்டும். டிரைவர் நல்ல பிள்ளை. "வணக்கம் மேடம், பேனர்ல பாத்திருக்கேன்," என்று இறங்கி வந்து கும்பிட்டுவிட்டு ஏறி உட்கார்ந்தான். தெருவே லாரியில் ஏறியது. இட்லிக் கொப்பரையை அன்புக்கரசி தானே தூக்கி வைத்தாள். மையத்திலிருந்து பிரணவ் வீடியோ எடுக்க வந்திருந்தான். அவனைப் பார்த்ததிலிருந்து அவள், கை எதன் மேலாவது பட்டுவிடப் போகிறது என்று, கட்டிய கையைப் பிரிக்காமலே நின்றாள். சுவர் விழுந்தபோது புழுதி கண்ணில் அடித்தது. எல்லாரும் அழுதார்கள். அவளுக்கு மரத்துப் போயிருந்தது. பல் பிடுங்குகிறவர் ஊசி போட்ட பின் தாடை இருக்குமே, அப்படி உடம்பு முழுவதும் இருந்தது.

புதுவிடியல் நகரில் குலுக்கல் போட்டு வீடு கொடுத்தார்கள். அன்புக்கரசிக்கு எட்டாவது மாடி. எதிர் வீடு அங்கேயும் சுப்பம்மாவுக்கே விழுந்தது. லிஃப்ட் இருந்தது. தனபாலன் இருக்கிறது என்றுதான் சொன்னாரே தவிர, ஓடும் என்று சொல்லவில்லை. தமிழ்நிலா விடியும் முன்னாலேயே எழுந்து, இரண்டு பஸ் மாறி மயிலாப்பூர்ப் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்தாள். இட்லிக் கடை போட அங்கே பஸ் ஸ்டாண்டு இல்லை. மீன் வாங்கப் போய்த் திரும்பினால் பஸ்ஸிலேயே அது நாறிவிடுகிறது என்று சுப்பம்மா தொழிலை விட்டுவிட்டாள்.

வீடு என்றுதான் பெயர், ஒதுக்கீட்டு ஆணை இன்னும் யார் கைக்கும் வரவில்லை. சரிபார்ப்பு நடக்கிறது, தகுதி இல்லாதவர்களை எடுத்துவிடுவோம் என்று சொல்லியிருந்தார்கள். தகுதி என்றால் என்ன என்று சொல்லவில்லை. அதனால் அங்கே எல்லாரும் வாட்ச்மேனுக்குக்கூட வணக்கம் வைத்துக்கொண்டு நடமாடினார்கள்.

சுப்பம்மா அவளோடு பேசவில்லை. வாசல் வாசலைப் பார்த்திருந்தது, அவ்வளவுதான். ஒரு மத்தியானம் கரண்ட் போய், புழுக்கம் தாங்காமல் இரண்டு பேரும் அவரவர் வாசலில் உட்கார்ந்திருந்தார்கள். சுப்பம்மாவின் போன் அடித்தது. காது மந்தம் என்பதால் அவள் எப்போதும் ஸ்பீக்கரில்தான் போடுவாள்.

"வணக்கம். முற்போக்குக் குறியீட்டு மையத்திலிருந்து பேசுகிறோம்," என்றது ஒரு பெண் குரல், தேன் மாதிரி. "தங்களுக்குப் புதிய இல்லம் கிடைக்க வாக்களித்த கவுன்சிலர் திருமதி அன்புக்கரசி அவர்களின் செயல்பாடு பற்றி மக்கள் திருப்திக் கணக்கெடுப்பு நடத்துகிறோம். மிகவும் மோசம் என்றால் ஒன்று, மிகவும் சிறப்பு என்றால் ஐந்து. தங்கள் மதிப்பெண் என்ன?"

சுப்பம்மா நிமிர்ந்து எதிர் வாசலைப் பார்த்தாள். இத்தனை மாசத்தில் அன்றைக்குத்தான் நேருக்கு நேர் பார்த்தாள். அன்புக்கரசி பார்வையை விலக்கவில்லை. ஒன்று என்று சொல்லட்டும் என்று காத்திருந்தாள். யாராவது ஒருத்தர் அதைச் சொல்லிவிட்டால் தேவலை என்று அவளுக்கு இருந்தது.

"அஞ்சு," என்றாள் சுப்பம்மா. "அஞ்சு போட்டுக்கம்மா. நல்லாக் கீறோம்." போனை வைத்துவிட்டாள்.

"ஏன்க்கா?"

"ஆர்டர் இன்னும் கைக்கு வர்லயே. கம்மியா சொல்லி, அத எவனாவது எழுதி வெச்சிக்கினான்னா?"

"அது கவுர்மெண்டு ஆபீஸ் இல்லக்கா. சும்மா ஒரு ஆபீஸு."

"எனுக்கு இன்னாடி தெரியும்? இவ்ளோ மரியாதயாப் பேசறாளே."

வராந்தாவில் வரிசையாக ஒவ்வொரு வீட்டிலும் போன் அடிக்கத் தொடங்கியது. அஞ்சு என்றார் ஒருவர். அஞ்சும்மா, அஞ்சு என்றாள் இன்னொருத்தி. கடைசி வீட்டில் ஒரு பெரியவர், அதுக்கு மேல ஏதாச்சும் கீதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

அன்புக்கரசியின் மடியில் இருந்த போன் அடித்தது. எடுத்தாள். அதே குரல், அதே வணக்கம், தங்கள் கவுன்சிலர் திருமதி அன்புக்கரசி என்று அதே கேள்வி. யாரிடம் கேட்கிறோம் என்று அந்தப் பெண்ணுக்குத் தெரியாது. மையத்தில் யாரும் பெயர் கேட்பதில்லை.

சொல்ல வேண்டியது அவளிடம் இருந்தது. அந்தக் கவுன்சிலர் ஓட்டே போடவில்லை, எதிர்த்தாள், ஒருத்தரும் கேட்கவில்லை என்று சொல்லலாம். போன் நன்றாக வேலை செய்தது. வாயைத் திறந்தாள். திறந்திருந்த கதவு வழியே உள்ளே, அரை நாள் பள்ளிக்கூடம் முடிந்து வந்த தமிழ்நிலா யூனிஃபாரத்தைக்கூட மாற்றாமல் வெறுந்தரையில் தூங்கிக்கொண்டிருப்பது தெரிந்தது. அவர்களுக்கும் ஆர்டர் வரவில்லை.

"மேடம், லைனில் இருக்கிறீர்களா? ஒன்றிலிருந்து ஐந்துக்குள் ஒரு எண்."

சுப்பம்மா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"அஞ்சு," என்றாள் அன்புக்கரசி.

"நன்றி மேடம். தங்கள் வாக்கு பதிவாகிவிட்டது."

சுப்பம்மா எழுந்து, காய்ந்த துணியை எடுக்கப் போனாள்.